ஊறும் நேரம், புளிக்கும் நேரம், முளைக்கும் நேரம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற நாட்டுப் பண்டிகைப் பலகாரங்களை நம் வீட்டு அடுப்பில் செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சிலர் நோட்டும் பேனாவுமாக வந்திருப்பது தெரிகிறது. அளவுகளும் சொல்வேன், பயப்பட வேண்டாம். ஆனால் அளவு இப்போது எல்லார் கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஒரு பண்டிகைப் பண்டத்தில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் அங்கே கிடைப்பதில்லை. இன்று அதைப் பேசலாம் என்று வந்தேன்.

தலச்சேரியிலிருந்து தொடங்குகிறேன். மாம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி என்ற பேக்கரியைத் திறந்தார். 1883 டிசம்பரில் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை அவரிடம் வந்தார். அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் நடத்தியவர். இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் கையில் கொடுத்து, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். உலர்ந்த திராட்சை, பேரீச்சை எல்லாம் அவரே கொடுத்தார். பக்கத்திலிருக்கும் மாஹேயில் பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்த்துக்கொள்ளவும் சொன்னார். பாபு என்ன செய்தார் தெரியுமா? பிராந்தியை விட்டுவிட்டார். முந்திரிப் பழத்திலும் கதளி வாழைப்பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். கேக் வார்க்கும் அச்சைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினார். துரை தின்று பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் செய்யச் சொன்னாராம். பாபுவின் குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு இது.

இந்தியாவிலேயே செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இதற்கு ஒரு பட்டம் உண்டு. பட்டத்தில் எனக்கு அக்கறை இல்லை. துரைமார் வீட்டு பட்லர்கள் அதற்கு முன்பே எத்தனை கேக் சுட்டார்களோ, அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்குப் பிடித்தது பாபு எடுத்த முடிவு. சரக்கை மாற்றினார்; பழம் சாராயத்தில் ஊற வேண்டும் என்பதை மாற்றவில்லை. அச்சை மாற்றினார், நிதானமாக வேக வேண்டும் என்பதை மாற்றவில்லை. வேற்று நாட்டுப் பண்டத்தைச் சமைக்க உட்காரும் எவருக்கும் இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

"அப்படியானால் ஒரிஜினல் ருசி போய்விடாதா?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். அந்த ஒரிஜினல் என்பது என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங் அந்த நாட்டின் தேசிய இனிப்பு என்று பெயர் பெற்றது. 1926-இல் லண்டனில் பேரரசுச் சந்தை வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். குடியேற்ற நாடுகளின் சரக்கை ஆங்கிலேயர்கள் விரும்பி வாங்கும்படி செய்வதுதான் அதன் வேலை. அடுத்த ஆண்டே, 1927-இல், அரண்மனைச் சமையற்காரர் செடார் கொடுத்த புட்டிங் செய்முறையை மன்னரின் சம்மதத்தோடு அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார்கள். அந்தப் பட்டியலைக் கேளுங்கள். சின்ன உலர்திராட்சையும் சுல்தானாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து. கொட்டை எடுத்த பெரிய திராட்சை தென்னாப்பிரிக்காவிலிருந்து. ஆப்பிள் கனடாவிலிருந்து, மாட்டுக் கொழுப்பு நியூசிலாந்திலிருந்து, சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து. பட்டை இலங்கையுடையது, கிராம்பு சான்சிபாருடையது. ஜாதிக்காய் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்தது. மசாலாப் பொடி இந்தியாவிலிருந்து, பிராந்தி சைப்ரஸிலிருந்து, ரம் ஜமைக்காவிலிருந்து. முட்டை அயர்லாந்திலிருந்து. இங்கிலாந்தின் பங்கு மாவு, ரொட்டித் தூள், பழைய பீர். அவ்வளவுதான்.

அது விளம்பரத்துக்காக வேண்டுமென்றே போட்ட பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புட்டிங்கை எந்த ஆங்கிலேயரும் இது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை என்று தள்ளிவிடவில்லையே. பொருள் எந்த ஊரிலிருந்தும் வரலாம் என்பதற்கு அரண்மனையே சாட்சி. எனவே ஏதோ ஒரு பிராண்டு ரம் கிடைக்கவில்லை, இந்த ஊர்த் திராட்சை சரியில்லை என்று பின்வாங்காதீர்கள். ரம்மே வேண்டாம் என்கிற வீடுகளில் ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊற வைக்கலாம். சாராயம் பழத்தைக் கெடாமல் காக்கும், சாறு காக்காது. ஆகவே சாற்றில் ஊறுவதைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, ஒன்றிரண்டு நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

மாட்டுக் கொழுப்பு மட்டும் சிக்கலான விஷயம். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு அது, வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். மாவு இறுகத் தொடங்கிய பிறகு அது உருகுவதால் உள்ளே சிறு சிறு துளைகள் விழுந்து, புட்டிங் கனமாக இருந்தாலும் கல்லாகாமல் இருக்கும். அதைச் சேர்க்காதவர்கள் வெண்ணெயை உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கி, தேங்காய் துருவுவதுபோல் துருவிச் சேருங்கள். முற்றிலும் ஒன்றாகாது, ஆனால் வேலை நடக்கும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே, திருவருகைக்காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிற்றுக்கிழமையில் புட்டிங் கலக்குவது வழக்கம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக் கரண்டி பிடிக்க வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி, தாளும் துணியும் கட்டி, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆவியில் வைப்பார்கள். நமக்கு இட்லிக் கொப்பரை இருக்கிறது, கவலையில்லை. பிறகு பண்டிகை வரை பேசாமல் வைத்துவிட்டு, அன்றைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஆவி காட்டிப் பரிமாறுவார்கள். இங்கிலாந்துக் குளிரில் அதை அலமாரியில் வைக்கலாம். சென்னைக் காற்றின் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும், குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

இந்த எட்டு மணி நேரத்தைக் குக்கரில் சுருக்கலாமா? சுருக்கலாம். இங்கிலாந்திலேயே அப்படிச் செய்கிறார்கள். இங்கேதான் நான் ஒரு கோடு போட விரும்புகிறேன். அடுப்பு செய்கிற வேலை ஒன்று. பொருள் தானாகச் செய்துகொள்கிற வேலை வேறு. ஆவி காட்டுவது அடுப்பின் வேலை. சூட்டைக் கூட்டினால் நேரம் குறையும், விறகை மிச்சப்படுத்துவதில் பாவம் ஒன்றும் இல்லை. பழம் ஊறுவது, வெந்த புட்டிங் வாரக்கணக்கில் கிடந்து மசாலா ஒன்றோடொன்று கலப்பது, இதெல்லாம் பொருளின் வேலை. அதற்கு விசில் கிடையாது. டிசம்பர் 24 மாலை கடைக்கு ஓடிப் பொருள் வாங்கி, இரவு செய்து, மறுநாள் தின்றுவிட்டு, "வெள்ளைக்காரன் இதையா பெரிதாகச் சொல்கிறான்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சமைத்தது வேறு ஏதோ ஒன்று.

போகிற போக்கில் இரண்டு கேக்குகளைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியின் கிரியோல் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் என்ற கேக்கும், இலங்கையில் பறங்கியர் வீடுகளிலிருந்து பரவிய லவ் கேக்கும் மைதாவை விட்டு ரவையைப் பிடித்துக்கொண்டவை. லவ் கேக்கில் ரவையோடு முந்திரி, நிறைய மஞ்சள் கரு, தேன், பன்னீர், சர்க்கரைப் பாகில் ஊறிய நீற்றுப்பூசணி எல்லாம் சேரும். எங்கிருந்தோ வந்த பண்டம் நம் பக்கத்தில் தங்கி வேறு முகம் பெற்றுவிட்டது. இன்று அதை யாரும் நகல் என்று சொல்வதில்லை. நீங்கள் செய்யும் மாற்றமும் நூறு வருஷம் தாக்குப்பிடித்தால் மரபாகிவிடும்.

அடுத்து வியட்நாம். அவர்களுடைய புத்தாண்டான தெத் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு வடக்கே பான் சுங், தெற்கே பான் தெத் செய்வார்கள். இரண்டிலும் அடிப்படை ஒட்டரிசியும் பாசிப்பருப்பும். ஆமாம், நாம் தைப் பொங்கலுக்குப் பானையில் இடுகிற அதே ஜோடி. அங்கே அரிசியைப் பரப்பி, நடுவில் வேகவைத்த பருப்பும் மிளகு தடவிய பன்றி இறைச்சியும் வைத்து, இலையில் பொதிந்து கட்டி, தண்ணீரில் மூழ்க வைத்து வேகவிடுவார்கள். வடக்கத்தியது சதுரம். ஹுங் அரச வம்சத்துக் கதையில் வறிய இளவரசன் லாங் லியூ, பூமியைக் குறித்து இதைச் செய்து கொடுத்துத் தந்தையின் அரியணையைப் பெற்றான். மற்ற இளவரசர்கள் காடும் கடலும் தேடி அரிய பொருள்களைக் கொண்டுவர, இவன் வீட்டு அரிசியில் ஜெயித்துவிட்டான். சமையல்காரர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் கதை கிடையாது.

சதுரப் பொட்டலத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் இலை நமக்குக் கிடைக்காது. ஆனால் தெற்கத்திய உருளைக்கு அவர்களே வாழையிலையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நாம் உருளை செய்தால் இலையில் சமரசமே வேண்டியதில்லை. இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. ஒட்டரிசியை இரவெல்லாம் ஊறவைத்து வடித்து, உப்புப் போட்டு, கெட்டித் தேங்காய்ப் பாலில் பால் வற்றும்வரை கிளறிக்கொள்கிறார்கள். வேகவைத்த கறுப்புப் பயறைக் கலக்கிறார்கள். உள்ளே ஒரு முழு வாழைப்பழத்தை வைத்து உருட்டுகிறார்கள். அவர்கள் வைக்கும் பழமும் நம் கற்பூரவல்லியும் ஒரே இனம். நீண்ட நேரம் வெந்தபின் அந்தப் பழம் செந்நிறமாகிவிடும். இலையைத் தணலில் வாட்டி, இரண்டு மூன்று அடுக்காக வைத்துச் சுருட்டி, வாழைநாரால் நெருக்கிக் கட்டுங்கள். தண்ணீர் எப்போதும் பொட்டலத்துக்கு மேலே நிற்க வேண்டும். குறையும்போது வெந்நீரைத்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அரிசியில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. சோற்றுக்கான புழுங்கலரிசியோ பச்சரிசியோ இங்கே உதவாது. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ் என்பது கூடினால் சோறு உதிரியாகும். ஒட்டரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். அந்தப் பசை இல்லாவிட்டால் கட்டை அவிழ்த்ததும் உருளை குலைந்து தட்டில் சோறாகக் கொட்டும். வெள்ளை ஒட்டரிசி பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் கவுனி அரிசியைப் பாருங்கள். பர்மாவில் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வழியே செட்டிநாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் அரிசி அது. கறுப்பாக இருக்கும், அதிகம் ஊற வேண்டும். நிறம் மாறினாலும் பிடிப்பு இருக்கும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். ஜப்பானில் புத்தாண்டுக்குச் செய்யும் மோச்சி என்ற ஒட்டரிசிக் கொழுக்கட்டை முதியவர்கள் தொண்டையில் சிக்கி உயிர் போவது உண்டு. டோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் இதற்காக எச்சரிக்கை விடுக்கிறது.

வடக்கத்திய சதுரம் வேகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். குடும்பமே இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு அன்று தூங்காமலிருக்க அனுமதி உண்டு. இப்போது வியட்நாமிலும் நகரத்து வீடுகளில் குக்கரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், கடையில் வாங்குபவர்களும் நிறைய. நான் போட்ட கோட்டின்படி இது அடுப்பின் வேலை, சுருக்கினால் தப்பில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த இரவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இலையில் கட்டிய சாதம். சாதம் நமக்கு அபூர்வம் இல்லையே. ஹனோயின் குளிர்காலத்தில் பொட்டலம் பல நாள் வெளியிலேயே தாங்கும் என்பதையும் நம்பி ஏமாற வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில், அதிலும் தேங்காய்ப் பால் சேர்ந்ததை, ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் வட்டமாக வெட்டித் தோசைக்கல்லில் பொரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பண்டத்துக்கு வருகிறேன். ஈரானில் சமனு என்பார்கள். ஆப்கானிஸ்தானில் சமனக், உஸ்பெகிஸ்தானில் சுமலக். மார்ச் 20 அல்லது 21, இரவும் பகலும் சமமாகும் நாளில் நவ்ரூஸ் புத்தாண்டு பிறக்கிறது. ஈரானிய வீடுகளில் அன்று ஹஃப்த் சீன் என்று ஏழு பொருள்களைப் பரப்பி வைப்பார்கள். முளைப்பாரி போல வளர்த்த பசும்பயிர், பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று போகும் வரிசையில் ஒரு கிண்ணம் சமனுவும் இருக்கும். பழுப்பு நிறம், களி மாதிரி, நன்றாகத் தித்திக்கும். அதில் ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. வெல்லமும் தேனும் கிடையாது. கோதுமை, கோதுமை மாவு, தண்ணீர். வேறொன்றுமில்லை.

பிறகு இனிப்பு எங்கிருந்து வந்தது? கோதுமை முளைக்கும்போது, உள்ளே சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து முளைக்கு ஊட்டுவதற்காக அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. நாம் அந்த நொதியைப் பிழிந்தெடுத்து, வெறும் கோதுமை மாவோடு சேர்த்து, மிதமான சூட்டில் அதை வேலை செய்ய விடுகிறோம். மாவு மால்ட் சர்க்கரையாகிறது. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அது நீர்த்து இளகி லேசாகத் தித்திப்பதும் இதே காரணத்தால்தான். திருநெல்வேலிக்காரர்கள் கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து அல்வா கிண்டுவதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அங்கே இனிப்பைச் சர்க்கரையும் மினுமினுப்பை நெய்யும் கொடுக்கின்றன. சமனுவில் எல்லாவற்றையும் அந்த முளையே கொடுத்தாக வேண்டும்.

எழுதிக்கொள்ள நினைப்பவர்கள் இப்போது எழுதிக்கொள்ளுங்கள். முழுக் கோதுமை 250 கிராம், கோதுமை மாவு 500 கிராம். கோதுமையைக் கழுவி ஒரு நாள் ஊற வையுங்கள், இடையில் தண்ணீரை மாற்றுங்கள். வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். மார்ச் மாத வெயிலில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும், முளை தலைகாட்டும். பச்சை நிறம் வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பச்சை ஏறினால் கசக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, துணியில் பிழிந்து, சக்கையில் மீண்டும் தண்ணீர் விட்டு இன்னொரு முறை பிழிந்து, அந்தப் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடி கனத்த பாத்திரத்தில் அடுப்பேற்றுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி. அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் நொதி சுறுசுறுப்பாக இருக்கும், எழுபத்தைந்தைத் தாண்டினால் செத்துவிடும். விரலை வைத்தால் சட்டென்று எடுத்துவிடத் தோன்றும் சூடு, கொதி கூடாது. முதலில் கூழ் கெட்டியாகும். பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தானாக இளகும். அப்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், இனிப்பு எட்டிப் பார்த்திருக்கும். அதன் பிறகு தீயைக் கூட்டி நான்கைந்து மணி நேரம் கிளறி நிறம் பிடிக்க விடுவது வழக்கமான அடுப்பு வேலை. உஸ்பெக் பெண்கள் பெரிய கொப்பரையின் அடியில் கூழாங்கற்களைக் கழுவிப் போட்டுவிடுகிறார்கள். கரண்டி அசைய அசைய அவையும் உருண்டு அடிப்பிடிக்காமல் காக்கின்றன. யார் கிண்ணத்தில் கல் வருகிறதோ அவர் மனதில் ஒரு வேண்டுதலை நினைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் தெருப் பெண்கள் முறைவைத்துக் கிளறிப் பாடுகிறார்கள்.

சமனுவை அவசரப்படுத்த வழியே இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் தீயைத் தூக்கினால் கிடைப்பது சப்பென்ற கோதுமைக் கூழ். பிறகு சர்க்கரையைக் கொட்டி ஒப்பேற்றலாம். ஆனால் அதற்கு எதற்கு நான்கு நாள் முளைகட்ட வேண்டும், நேரே கேசரி கிண்டிவிடலாமே.

கேழ்வரகைச் சொன்னதால் அப்படியே எத்தியோப்பியாவுக்குப் போய்விடலாம். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டில்தான். எத்தியோப்பியாவும் உகாண்டாவும் அதன் தாயகம் என்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து இங்கே வந்து, நம் களியும் கூழும் ஆனது. எத்தியோப்பியர்களின் இஞ்சேரா என்ற புளித்த அடை பெரும்பாலும் தெஃப் என்ற கடுகிலும் சிறிய தானியத்தில் செய்யப்படுவது. நம் கடைகளில் தெஃப் தேடி அலைய வேண்டாம். அந்த நாட்டிலேயே சில பகுதிகளில் தகுசா என்று கேழ்வரகிலும் இஞ்சேரா வார்க்கிறார்கள். மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு அதில் கொஞ்சத்தை எடுத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மீண்டும் மாவிலேயே கலந்து பொங்க விடுகிறார்கள். ஆப்பத்துக்குக் கப்பி காய்ச்சிச் சேர்க்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டதும் சிரித்திருப்பீர்கள். ஆப்பம் போலவே ஒரு பக்கம்தான் வேகும், மூடி போட வேண்டும், திருப்பக் கூடாது. மேலே கண் கண்ணாக விழ வேண்டும்.

அதன் மேல் ஊற்றிச் சாப்பிடுவது தோரோ வத், கோழிக் குழம்பு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. கோழியைப் பன்னிரண்டு துண்டாக்குவது மரபு, அவித்த முட்டையும் சேரும். சூட்சுமம் வெங்காயத்தில் இருக்கிறது. ஒரு கிலோ கோழிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வெங்காயம். பொடிப் பொடியாக நறுக்கி, எண்ணெய் ஒரு சொட்டுமில்லாமல் வெறும் சட்டியில் சிறு தீயில் வதக்க வேண்டும். ஒட்டும்போது ஒரு கை தண்ணீர். முக்கால் மணிக்கு மேல் ஆகும். அது கரைந்து பழுப்பான பிறகுதான் நெய்யும் பெர்பெரே என்ற மசாலாவும் விழும். அந்த மசாலாவில் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஏலக்காய்க்கு உறவான ஒரு விதை. நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பெரிய வேலை இல்லை. நெய்யையும் அவர்கள் வெந்தயமும் மஞ்சளும் மூலிகையும் போட்டுத்தான் உருக்குகிறார்கள். முருங்கைக்கீரை போட்டு நெய் உருக்கும் நமக்கு அதில் அதிசயப்பட ஏதுமில்லை.

இந்தக் குழம்பைச் செய்து சாப்பிட்டவர்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் கோழிக் குழம்பைவிடப் பிரமாதம் என்று சொல்ல முடியாது என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஏனென்றால் எத்தியோப்பியர் அதை நவம்பர் 25 தொடங்கி 43 நாள் நோன்பிருந்த வாயில் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது, பருப்பும் காய்கறியும்தான். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கறிக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கேளுங்கள், அந்தக் குழம்பின் ருசி எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். 43 நாள் நோன்பிருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நம்பிக்கை உள்ளவர்களின் காரியம், விளையாட்டாக எடுக்கக் கூடாது. ஆனால் ஒரு வாரம் அவர்களுடைய நோன்புச் சாப்பாட்டை, பெர்பெரே போட்ட மைசூர்ப் பருப்பையும் கீரையையும் செய்து சாப்பிட்டுவிட்டு அதன் பிறகு கோழியைச் சட்டியில் போடலாம் அல்லவா? பண்டிகையை மட்டும் எடுத்துக்கொண்டு நோன்பை விட்டுவிடுவது, வேற்று நாட்டுச் சமையலில் நாம் செய்யும் பெரிய குறுக்குவழி. நம் பண்டிகைகளிலும் இப்போது அதைத்தான் செய்கிறோம் என்பது வேறு கதை, அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும்.

பிறர் பண்டிகையை நாம் சமைப்பது சரிதானா என்று முன்பு ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். படைத்துவிட்டுப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே பிறந்த பண்டங்கள் இவை. யாரும் தடுக்க மாட்டார்கள். என்ன பெயர், எந்த நாள், யாருடையது என்பதைச் சாப்பிட வருபவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பரிமாறினால் போதும். ஜூலை மாதத்தில் பிறந்தநாள் விருந்துக்குச் சமனு செய்தால் குற்றமில்லை. ஆனால் நவ்ரூஸுக்குச் செய்தால் நீங்கள் கிளறும் அதே பொழுதில் தாஷ்கண்டிலும் காபூலிலும் ஹெராத்திலும் யாரோ கிளறிக்கொண்டிருப்பார்கள்.

நேரமாகிவிட்டது. கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டு முழுக்கப் பத்துப் பண்டங்களை முயலாதீர்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஈரானிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ படிக்க வந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். பண்டிகை நாளில் விடுதியில் தனியாக இருப்பார்கள். அவர்களைச் சாப்பிட அழைக்காதீர்கள், சமைக்க அழையுங்கள். உங்கள் கரண்டியைப் பிடுங்கித் திருத்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்தக் காணொளியையும்விட மேலானது. சமனு செய்ய நினைப்பவர்கள் மார்ச் 15-ஆம் தேதி கோதுமையை ஊறப் போடுங்கள். மாவு மில்லில் கேட்டால் முளைக்கிற கோதுமையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.